ஒண்ணரைப் படி

"நாலு படித் தயிரு. என் கையால அளந்து ஊத்துனேன். இங்க ஒண்ணரைப் படிதான் இருக்கு. மிச்சம் எங்கே மாயக்கா?"

முதலாளியம்மா சண்முகத்தாய் அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

சமையல்காரி மாயக்காள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். நேற்றுச் சாயங்காலம் வேட்டித் துணியில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்ட தயிர். இப்போதுதான் மூட்டையை அவிழ்த்து, புதினா, கொத்தமல்லி, பூண்டு அரைத்துப் போட்டுக் கலக்கி வைத்திருந்தாள். வெண்ணெய் மாதிரி வந்திருந்தது. ஏலக்காய் வாங்கும் மதுரை வியாபாரிகளுக்கு இன்றைக்கு எஸ்டேட் பங்களாவில் விருந்து. உருளைக்கிழங்கு வறுவலை இதில் தொட்டுத் தொட்டுத் தின்பார்களாம்.

"தண்ணியா வடிஞ்சிருச்சும்மா."

"எங்கே அந்தத் தண்ணி? காட்டு."

"கறிவேப்பிலைத் தூருல ஊத்திட்டேம்மா."

"நல்லா ஊத்துன! தயிருல பாதிக்கு மேல தண்ணியா? யாருகிட்ட கதை விடுற?"

மாயக்காள் வீட்டில் தயிர் என்று ஒன்று கண்ணில் பட்டால், அதில் தண்ணீரை ஊற்றித்தான் பழக்கம். ஒரு கரண்டித் தயிரை எட்டுப் பேருக்கு மோராக்கத் தெரியும். தயிரிலிருந்து தண்ணீரை எடுக்கிற சமையலை அவள் எங்கே கண்டாள்? எவ்வளவு வடியும், எவ்வளவு நிற்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அவள் பயமெல்லாம் தயிரைப் பற்றியது இல்லை. ஜீப்பைப் பற்றியது.

மகள் வேலுத்தாய்க்கு எட்டு மாசம். காலையிலிருந்து முகமும் காலும் வீங்கிப்போய், கண்ணை இருட்டுகிறது என்கிறாள். "பொழுது சாயுறதுக்குள்ள கீழே போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும்" என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். எஸ்டேட்டிலிருந்து பஸ் வரும் போடிமெட்டு ரோட்டுக்கு நாலு மைல். விருந்தாளிகளைக் கூட்டிவர மூணு மணிக்கு ஜீப்பு காலியாகத்தான் போடிக்கு இறங்குகிறது.

"அதுல உன் மகளை ஏத்தி விடு. நீ தயிரை மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடு" என்று காலையில் வாக்குக் கொடுத்ததே இந்தச் சண்முகத்தாய்தான்.

கால் மணி நேரத்துக்கு முன்னால்வரை சிரித்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஜீப்பு சீட்டுக்குப் புது வெள்ளை உறை மாட்டியாகிவிட்டது என்று டிரைவர் திருப்பதி சொன்னதும், பார்க்கப் போனாள். ஜீப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள் வேலுத்தாய், வாந்தி எடுத்த சேலையோடு. அங்கிருந்து திரும்பிய சண்முகத்தாய் நேரே வந்து எட்டிப் பார்த்தது தயிர்ச் சட்டியைத்தான்.

"ஒரு பொட்டுகூட வாயில வைக்கலம்மா. எம் மக மேல சத்தியம்."

"மகளுக்குத்தானே கொண்டு போயிருப்ப? புள்ளத்தாச்சி, ஆசைப்பட்டிருப்பா."

"என்னைய வெரட்டிக்கூட விட்டுருங்கம்மா. புள்ளைய மட்டும் ஜீப்புல..."

"திருடிக்கு ஜீப்பா? நல்லாருக்கு நியாயம்! திருப்பதி, வெரசா வண்டியை எடு. யாரையும் ஏத்த வேணாம்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இங்கே ஏழையின் மகள் ஜீப்பே ஏறவில்லை.

மருமகன் மொக்கையனும் லயத்து வீட்டுக் கூலியாட்கள் மூணு பேரும் வேலுத்தாயைக் கம்பளியில் வைத்துக் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டுத் தூக்கினார்கள். மாயக்காளும் கூடவே ஓடினாள்.

"நீ எங்கே கிளம்பிட்ட? விருந்து முடியாம அடுப்படியை விட்டு நகந்தே, நாளைக்கு உன் மருமகனுக்கும் இங்க சோலி கிடையாது" என்று மறித்தாள் சண்முகத்தாய்.

"நீங்க இருங்கத்தை. நான் பாத்துக்கிறேன்" என்றான் மொக்கையன். கம்பளிக்குள்ளிருந்து "ஆத்தா" என்று ஒரு குரல் வந்தது. பாதை வளைந்ததும் அதுவும் கேட்கவில்லை.

மாயக்காள் கிழங்கு வறுத்தாள். எண்ணெய்ச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. பூனை கீனை வாய் வைத்திருக்குமோ? துணி நைந்துபோய்த் தயிரும் சேர்ந்து ஒழுகியதோ? பார்க்காமல் அதையும் தூரில் கொட்டித் தொலைத்தேனோ? 'எம் புள்ளை சோலியை நானே கெடுத்துட்டேனே' என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெற்றவள் இல்லையா, பழியைத் தன் மேல்தான் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஜீப்பு மேலே வந்தது. விருந்தாளிகள் இறங்கினார்கள். வெள்ளை உறையில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

மாயக்காள் பின்பக்கமாக ஓடி வந்தாள். "திருப்பதி, எம் மகளைப் பாத்தியாப்பா?"

திருப்பதி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ரோட்டுலதான் கிடக்காங்கக்கா. பஸ்சு இன்னும் வரல. மொக்கையன் கை காட்டுனான். வண்டி நிறைய ஆளு, நிறுத்த முடியல. வேலுத்தாயி... கூப்பிட்டா பேசலைன்னு கத்துனான்க்கா."

மாயக்காள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஜீப்பு இப்போது சும்மாதான் நிற்கிறது.

'ஆமாம்மா, நான்தான் திருடினேன்' என்று காலில் விழுந்துவிட வேண்டியதுதான். எடுக்காததை எடுத்தேன் என்று சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும்? கோபம் தணிந்து வண்டியைக் கொடுத்தால் போதும். வறுவல் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

கூடத்தில் டேப்ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. வந்திருந்த அம்மாள் ஒருத்தி பச்சைத் தயிரில் வறுவலைத் தோய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி ரசித்தாள்.

"அடேயப்பா, என்ன கெட்டி! இவ்வளவுக்கு எத்தனை படித் தயிருங்க ஊத்துனீங்க?"

வாசற்படியில், தொண்டை வரை வந்துவிட்ட பொய்யோடு மாயக்காள் நின்றாள்.

சண்முகத்தாய் பெருமையாகச் சிரித்தாள்.

"நாலு படி கட்டித் தொங்கவிட்டா ஒண்ணரைப் படிதான் நிக்கும். மிச்சமெல்லாம் தண்ணியா வடிஞ்சு போயிரும். எங்கம்மா காலத்துல இருந்தே எங்க வீட்டுல இதே அளவுதானே!"