மூணு பொட்டு போதாது

"சிவப்புப் பொட்டு அட்டையை அப்படியே குடு!"

கேட்டதோடு நிற்கவில்லை சிஸ்டர் வெர்னீஸ், வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். சுவரில் இருந்த மேப்பில் பதினாலாம் தெரு நெடுக ஒட்டித் தள்ளினார். எண்ணினேன். பதினொன்று!

எங்கள் சர்ச்சில் பெண்கள் எல்லாருமே சிஸ்டர்தான், கன்னியாஸ்திரீ என்று அர்த்தமில்லை. அந்தச் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம். பதினாலாம் தெருவில் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட மாநகர ஆட்கள் கருத்துக் கேட்க வந்திருந்தார்கள். வேண்டும் என்றால் பச்சைப் பொட்டு, வேண்டாம் என்றால் சிவப்பு. ஓசி பிஸ்ஸா வேறு.

நாற்காலி போட்டவன் நான். இந்தப் பேட்டைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கறுப்பர்களான நாம் வெளியாட்கள் முன்னால் இப்படியா நடந்துகொள்வது என்று எனக்கு மானம் போனது.

"மேடம், ஒருத்தருக்கு மூணு பொட்டுதான்" என்றார் ஹால்வர்சன். பெரிய அதிகாரி. சிரித்த முகம்.

"எனக்கு மூணு போதாது, தம்பி."

முன்வரிசை முழுக்கப் புதுசாகக் குடிவந்த வெள்ளைக்காரர்கள். மடியில் ஹெல்மெட் வைத்திருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவனிடம், "இவங்களுக்கு சைக்கிள்னாலே ஆகாது போல" என்றாள். எல்லார் காதிலும் விழுந்தது.

நான் போய்க் கையைப் பிடித்தேன். "சிஸ்டர், நல்லதுதானே செய்ய வந்திருக்காங்க. உக்காருங்க."

"நாற்காலி போட்டாச்சில்ல, ரூஃபஸ்? போய் ஓரமா நில்லு."

சுருக்கென்றது. சர்ச்சின் பழைய ஆட்கள் ஒருத்தராவது அந்தம்மாவை அடக்க வேண்டுமே? ஊஹூம். தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இன்னும் எரிந்தது.

ஹால்வர்சன் தொண்டையைச் செருமினார். "உங்க கோபம் புரியுது மேடம். ஆனா இத்தனை வருஷத்துல இந்தப் பேட்டையிலேர்ந்து ஒருத்தர்கூட வந்து கேட்டதில்லையே. இப்பதான் முதல்தடவையா இவங்க கேட்டிருக்காங்க. நீங்க அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே போட்டிருப்போம்."

முன்வரிசை கைதட்டியது. வெட்கக்கேடு, நானும் தட்டினேன்.

அந்தம்மா கைப்பையைத் திறந்து, மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோயிருந்த ஒரு தாளை நீட்டினார்.

"சத்தமா படி."

ஹால்வர்சன் படித்தார். "பதினாலாம் தெருவில் சைக்கிள் பாதை கேட்டு நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்ட மனு கிடைத்தது. உங்கள் பகுதியில் சைக்கிள் ஓட்டுபவர்கள் எவரும் இல்லாததால்..."

தாளை மடிக்கப் போனார்.

"ஏன் நிறுத்திட்ட? கீழே கையெழுத்து யாரோடது?"

"...என்னோடதுதான்."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"பன்னிரண்டு."

ஹெல்மெட் பெண் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள்.

"நாங்க நூத்திப் பன்னிரண்டு பேர் கேட்டது உன் காதுல விழல. இவங்க எட்டுப் பேர் கேட்டதும் மேப்பைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துட்ட!"

"மேடம், அதுக்காக இப்ப பாதையே வேண்டாம்னு..."

"வேண்டாம்னு யாருய்யா சொன்னா?"

அந்தம்மா மேப் பக்கம் திரும்பி முதல் பொட்டில் விரலை வைத்தார்.

"சைக்கிள் ஓட்ட ஆளே இல்லன்னு எழுதினியே, பாத்துக்கோ. இந்த இடத்துல கார் மோதி விழுந்தவ கோரா. இடுப்பு போச்சு. இது தபால்காரர் ஓட்டிஸ். இது பேக்கரிக்கு வேலைக்குப் போன எஸ்ரா. இன்னும் கேளு, பதினொண்ணு இருக்கு. நீ மூணுதான் தருவேங்கிற!"

ஒவ்வொரு பெயருக்கும் பழைய ஆட்கள் 'ஆமென்' சொன்னார்கள். பத்துப் பெயர் ஆனது. கடைசிப் பொட்டு சர்ச் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே விரல் நின்றது.

"இது என் மகன் லாமர். அந்த நூத்திப் பன்னிரண்டு கையெழுத்தையும் சைக்கிள்ல வீடு வீடாப் போய் வாங்கினவன். உன் பதில் வந்தப்போ அவனைப் புதைச்சு ஒன்பது நாள்."