மாப்பிள்ளையின் சந்தேகம்

"மாமா, ரெண்டு பி.டி.எஃப். ஃபைலை ஒண்ணாச் சேர்க்கணும். காசு கொடுக்காம அதுக்கு ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றது. புருஷன் போனில் கேட்டுக்கொண்டிருந்தது அவளுடைய அப்பாவிடம்.

நேற்று, அழிந்துபோன போட்டோவைத் திரும்ப எடுப்பது எப்படி என்று கேட்டான். அதற்கு முன்னால், ஒரே போட்டோ நாலு இடத்தில் கிடந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று. இத்தனைக்கும் அவன் ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் முதலில் கூப்பிடுவது அவனைத்தான்.

அப்பாவின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர்.

"இருக்கு மாப்பிள்ளை. ஆனா அதைச் செஞ்சவங்களோட சொந்த சைட்லேர்ந்துதான் இறக்கணும். கண்ட இடத்துல எடுக்காதீங்க. அப்புறம், சிக்னல் பார்க்காம வண்டி ஓட்டற மாதிரி நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்கிட்டே போகக் கூடாது. நடுவுல ஒரு குட்டிக் கட்டத்துல டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்க. இல்லேன்னா கூடவே ரெண்டு அழையா விருந்தாளி வந்து உட்கார்ந்துக்கும்."

"சரி மாமா, டிக்கை எடுத்துடறேன்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். போனை வைக்கும்வரை காத்திருந்தாள்.

"எங்கப்பாவைப் பார்த்தா வேடிக்கையா இருக்கா உங்களுக்கு?"

"தெரியலைன்னா கேட்கக் கூடாதா?"

"உங்களுக்கா தெரியாது? அம்மா போனதிலேர்ந்து மனுஷன் நொந்து போய்க் கிடக்கார். அவரை வச்சுப் பொழுது போக்கறீங்க."

அவன் ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே அப்பா வீட்டுக்குப் போனாள். ஊரே சிரிப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வா வா, உட்காரு. மாப்பிள்ளைக்கு வீடியோ வெட்டறதுக்கு ஒண்ணு வேணுமாம். மூணு இறக்கிப் பார்த்துட்டேன். ஒண்ணு, வெட்டிக் கொடுத்துட்டு நடுவுல தன் பேரைப் பெரிசா முத்திரை குத்துது. இன்னொண்ணு இலவசம் இலவசம்னு கூப்பிட்டுட்டுக் கடைசியில கார்டு நம்பர் கேட்குது. இதோ, இதுதான் நல்ல பிள்ளை."

அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"அப்பா, மனசு கஷ்டப்படாதீங்க. அவருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. வேணும்னே உங்ககிட்ட கேட்கிறார்."

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"போன தடவை வந்தப்போ, நான் டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள இதுல இருந்த வைரஸைத் துடைச்சு எடுத்துட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி பேப்பர் படிச்சுட்டிருந்தார். உங்கம்மா போனப்புறம் நான் யார்கிட்டயும் வாயே திறக்கலையே. என்னைப் பேச வைக்கத்தான் இந்த வேஷம்."

நேற்று புருஷனிடம் பேசிய பேச்செல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தெரிஞ்சும் எதுக்குப்பா உட்கார்ந்து இவ்வளவு மெனக்கெடறீங்க? எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடலாமே?"

போன் அடித்தது. மாப்பிள்ளைதான். எடுப்பதற்கு முன் அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"விவரம் தெரியற வயசுக்கு முன்னாடியே அப்பாவைப் பறிகொடுத்தவர்மா அவர். 'இது எப்படிப்பா'ன்னு கேட்க இப்பதான் ஒரு ஆள் கிடைச்சிருக்கு. நீ போட்டு உடைச்சிடாதே."