முயல் தராசு

கிளாட்வின் வளர்க்கும் ராணி என்ற மலைப்பாம்புக்கு இரை போடுவது கூண்டின் வேலை. கூண்டு வாசலில் பொருத்திய தராசில் முயலை வைத்தால் போதும். எடையும் உடல்சூடும் சரியாக இருந்தால் கூண்டு தானே கதவைத் திறந்துவிடும்.

கிளாட்வினின் பிள்ளைக்கு முப்பது நாள். எடை ஏறியிருக்கிறதா என்று அவன் மனைவி ஜெசிந்தாவுக்கு ஒரே கவலை.

“நம்ம முயல் தராசு கிராம் சுத்தமா காட்டும். அதுல வச்சுப் பாரேன்,” என்றான் கிளாட்வின்.

தட்டைக் கழுவித் துடைத்து, பிள்ளையைக் கிடத்தினாள். நாலு கிலோ நூறு. அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

“எடை சரி. சூடு சரி,” என்றது கூண்டு, கனிவான குரலில். “ராணி, சாப்பிட வா.”

கண்ணாடிக் கதவு விலகியது. ஜெசிந்தா பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இரையை எடுத்துவிட்டீர்கள்,” என்றது அதே குரல். “ராணி பசியோடு இருக்கிறாள். தயவுசெய்து திரும்ப வையுங்கள்.”