ஒன்பது வருட நாக்கு

வேர்ச்சுவை கொண்ட ரூட் பியர் சோடாப் புட்டிகள் பன்னிரண்டையும் காகிதப் பைகளில் மறைத்துச் சமையலறை மேசையில் வைத்தார் ஹார்லன். அவர் ருசி பார்த்துச் சொல்லும் மதிப்பெண்கள் ஒன்பது வருடங்களாக விஸ்கான்சினில் அவர்கள் ஊர் வாரப் பத்திரிகையில் வருகின்றன. மனைவி டோரீன் தானும் ஒரு வாய் குடித்துவிட்டு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவார்.

"நாலாவது?"

"எட்டு. வெனிலா கொஞ்சம் தூக்கல்."

டோரீன் எழுதினார்.

ஒன்பதாவதில் ஹார்லன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "போதும் டோரீன். நாளைக்கே விலகிடறேன்."

"ஏன், வயிறு உப்பிடுச்சா?"

"பிப்ரவரி காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனையே தெரியல. ஆறு மாசமா நுரையைப் பார்த்துத்தான் மார்க் சொல்றேன். ஜனங்க அதை நம்பி வாங்கறாங்க."

"தெரியும்."

"எப்படி?"

"மார்ச்ல உன் டம்ளர்ல வெறும் கோலாவை ஊத்தினேன். வேர் வாசனை அபாரம்னு ஒன்பது குடுத்தே."

ஹார்லன் முகம் சிவந்தது. "தெரிஞ்சும் நான் சொன்னதை ஏன் எழுதினே?"

"யார் எழுதினா? என் நாக்குக்குப் பட்டதைத்தான் எழுதினேன். பேப்பரை நீ பிரிச்சுப் பார்த்தாத்தானே!"

"வெட்கமா இருந்தது. பார்க்கல."

"வாசகர் கடிதமும் பார்க்கலியா?"

"திட்டறாங்களா?"

டோரீன் அடுத்த புட்டியைத் திறந்தார்.

"ஒன்பது வருஷத்துல இப்பத்தான் ஹார்லன் ஒழுங்கா மார்க் போடறார்னு எழுதறாங்க."