தலைச்சோலையில் நின்ற கார்

"ஏறுங்க, டவுனுக்குத்தானே? நானும் அங்கதான் போறேன்."

எஸ்டேட் முதலாளி ஜெயபிரகாஷ் வாயிலிருந்தா இந்த வார்த்தை? தலைச்சோலை பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன ஐப்பசி மழையில் கைக்குழந்தையோடு நனைந்துகொண்டிருந்த கலாவைக் கண்டும் நிற்காமல், சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போன அதே வெள்ளைக் கார்.

மாதம்மாள் தயங்கினாள். "வேண்டாமுங்க, பத்து மணி பஸ்ஸு இப்ப வந்துருமுங்க."

"பஸ் எதுக்கு? ஏறுங்க."

மகள் வனிதாவின் சாதிச் சான்றிதழுக்கு இன்று பத்தரை மணிக்கு ஏற்காடு தாலுக்கா ஆபீசில் விசாரணை. வனிதா காலையிலேயே அங்கே போய்விட்டாள்; தாயும் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். நாளையோடு நர்சிங் சேர்க்கை முடிகிறது. கார் என்றால் பஸ்ஸுக்கு முன்னாலேயே போய்ச் சேரலாம்.

மாதம்மாள் ஏறினாள். கலாவும், அதே எஸ்டேட்டில் களை வெட்டும் அம்மாசியும் அவளோடு பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

முன் சீட்டில் டவுன் மெக்கானிக் தினேஷ் இருந்தான். "வண்டியில ஒரு சத்தம் வருது. போற வழியிலயே பாத்துக்கட்டும்னு கூட்டிட்டு வர்றேன்" என்றார் முதலாளி.

கார் நகர்ந்தது.

"நேத்துக்கூட இவரை வாய்க்கு வந்தபடி பேசுனனே" என்று மாதம்மாள் கலாவின் காதில் முணுமுணுத்தாள். "என் நாக்கு அழுகிப்போயிரும்."

"நானும் மண்ணை வாரித் தூத்துனவதான் அக்கா. மனுசன் எப்ப மாறுவான்னு யாரு கண்டா."

முதல் வளைவில் இடது பக்கச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. 'கடக்.'

தினேஷ் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். "பின்னாடிதானுங்க. இன்னொரு பள்ளத்துல உடுங்க."

மீண்டும் 'கடக்.'

"ஏனுங்க, எல்லாரும் பள்ளத்தை ஒதுக்கித்தான் வண்டி ஓட்டுவாங்க" என்றார் அம்மாசி. "நம்ம முதலாளி தேடிப் புடிச்சு உடறாருங்க."

தினேஷ் சிரித்துவிட்டான். முதலாளி சிரிக்கவில்லை.

ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்த காரை, பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது பத்து மணி பஸ். மாதம்மாள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பஸ்ஸு போவுதுங்க."

"போகட்டும். நாம கார்ல இருக்கோம்."

"அம்மா, நீங்க இடது ஓரமா நகருங்க" என்றான் தினேஷ். "பெரியவரே, நீங்களும் அந்தப் பக்கமே நெருக்குங்க." 'கடக், கடக்.' "இப்ப எல்லாரும் வலது பக்கம்." சத்தம் இல்லை.

"இவளை நெருக்குனா என் ஊட்டுக்காரி சோறு போடமாட்டா தம்பி" என்றார் அம்மாசி.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, தினேஷ் கீழே குனிந்து பின் சக்கரத்துக்கு உள்பக்கம் கையை வைத்தான். "உக்காந்தபடியே எம்பி எம்பி உக்காருங்க."

மூன்று பேரும் எம்பினார்கள். கலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாதம்மாளும் எம்பினாள். எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் டவுன்.

"புடிச்சுட்டேனுங்க. ஷாக் அப்சார்பர் கீழ் புஷ். ரப்பர் தேஞ்சு, இரும்போட இரும்பு இடிக்குது. புது ரப்பர் உங்க ஷெட்டுல என் பையிலயே இருக்குது. அரைமணி நேர வேலை."

"அப்ப ஷெட்டுக்கே திருப்பிடலாம்" என்றார் முதலாளி. பின்னால் திரும்பி, "இறங்கிக்குங்க" என்றார்.

"டவுனுங்க…?"

"இத்தனை பேரை வச்சுக்கிட்டு இந்த வண்டியை ஓட்டினா ஆபத்து. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முன் சீட்டில் ஏறிக்கொண்ட தினேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதலாளி அவனைப் பார்த்தார். அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூவரும் இறங்கினார்கள். டவுனுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். மேலிருந்து வரும் ஜீப்பெல்லாம் காலையிலேயே போயாயிற்று. மணி பத்தே முக்கால்.

போன் அடித்தது. வனிதா.

"அம்மா, எங்கிருக்கே? ஆபீசர் ரெண்டு தடவை கேட்டுட்டாரு. பதினொண்ணரைக்கு மஞ்சக்குட்டை முகாமுக்குக் கெளம்பிருவாராம். அப்புறம் நாளைக்கழிச்சுத்தானாம்."

"பாதி வழியில நிக்கறேன் கண்ணு. முதலாளி கார்ல வந்தேன், வண்டி பழுதாயிருச்சு. அடுத்த பஸ்ஸு பன்னெண்டரைக்கு."

"அந்தாளு கார்ல எதுக்கும்மா ஏறினே?" என்று கேட்டாள் வனிதா.

"அவரைத் திட்டாதே சாமி. நம்ம உசுரு மேல இருக்கற அக்கறையிலதான் எறக்கி உட்டாரு. நாமதான் அவரைத் தப்பா நெனச்சுட்டோம். நொம்ப நல்ல மனுசன்…"

குறுகலான ரோட்டில் முன்னும் பின்னுமாக ஒடித்துத் திரும்பிய கார், அவளை உரசுவதுபோல் வந்தது. கண்ணாடி இறங்கியே இருந்தது.

"மூணு மூட்டை காப்பிக்கொட்டை ஏத்திப் பாக்கலாம்னு நான் ஷெட்டுலயே சொன்னேனுங்களே" என்று கேட்டுக்கொண்டிருந்தான் தினேஷ். "ஆளுங்களை எதுக்குங்க அலைக்கழிக்கணும்?"

"மூட்டைன்னா ஏத்த ஆள் வேணும், இறக்க ஆள் வேணும் தம்பி" என்றார் முதலாளி. "இதுங்கன்னா தானா ஏறிக்கும், தானா இறங்கிக்கும்."