மானுக்குத் தெரிந்த விஷயம்

டுமீல்!

வயலில் மேய்ந்துகொண்டிருந்த ஏழு மான்களும் தலையைத் தூக்கிப் பார்த்தன. காதை ஒரு தரம் ஆட்டின. மறுபடியும் குனிந்து, பால் பிடித்த நெற்கதிரை நிம்மதியாக மேய ஆரம்பித்துவிட்டன.

"எப்படி ஓடுது பாத்தியா தம்பி!" என்றார் வியாகுலம், துப்பாக்கியை இறக்கிக்கொண்டே.

குழந்தைவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயல் அவனுடையது. அறுப்புக்கு இன்னும் மூன்று வாரம். இந்த மனுஷனுக்கு இதில் கிண்டல் வேறா!

அவனே கத்திக்கொண்டு ஓடி விரட்டினான். அதற்குள் ஒரு பாத்தி காலி.

தீவின் வடகோடியில், திக்லிபூரிலிருந்து ஆறு மைல் தள்ளி, காட்டை வெட்டிக் குடியேறிய அந்த ஊருக்கே லைசென்ஸ் துப்பாக்கி ஒன்றுதான். அது வியாகுலத்திடம் இருந்தது. ஒரு காலத்தில் அவர் தோட்டா போடும் சத்தம் கேட்டாலே மான் காட்டைத் தாண்டி ஓடும். போன அறுப்பிலிருந்து ஒரு மான்கூட விழவில்லை. அவர் சுடச் சுட, அதுகளுக்குக் குளிர் விட்டுப் போய்விட்டது.

"ஹிரன் எல்லாம் இப்போ அவரோட தோஸ்த்!" என்று பக்கத்து வயல் வங்காளி மான்களைக் காட்டிச் சிரித்தார்.

குழந்தைவேலு சிரிக்கவில்லை. தாசில்தாருக்கு அர்ஜி எழுதினான். 'மேற்படி துப்பாக்கியை வியாகுலத்திடமிருந்து வாங்கி, என் வசம் ஒப்படைக்க வேண்டியது.' பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அவன் மனைவி சந்திரமதி மட்டும் காகிதத்தைத் தொடவே இல்லை.

"வேண்டாங்க. அண்ணாச்சி மனசு உடைஞ்சு போயிரும்."

"நம்ம வயிறு காஞ்சா பரவாயில்லையா? நான் சொல்றது எதைத்தான் நீ கேட்டிருக்கே? போர்ட் பிளேர்ல தேடித் தேடி ஒரு புள்ளிச் சேலை வாங்கியாந்தேன். ஒரே ஒரு நாள் கட்டினே. அதோட பெட்டிக்கு அடியில போட்டுட்டே!"

சந்திரமதி முறத்தை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள்.

முதுகுக்குப் பின்னால் செய்தது என்று பேர் வேண்டாம், முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டே போவோம் என்று வியாகுலம் வீட்டுக்குப் போனான். அவர் இல்லை. புழக்கடையில் அவர் மனைவி கிளாரா மட்டும் உட்கார்ந்திருந்தாள். பட்டப்பகலில் எதிரே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மடியில் தோட்டாக்கள்.

ஒரு தோட்டாவின் வாயைக் கத்தி முனையால் நெம்பி, உள்ளே இருந்த ஈயக் குண்டுகளைக் கிண்ணத்தில் கொட்டினாள். அந்த இடத்தில் உமியை அடைத்து, மெழுகைச் சொட்டி மூடினாள்.

"மதினி! என்ன அக்கிரமம் இது? ஊர் பயிரை மானுக்குப் படையல் போடுறீங்களா?"

கிளாரா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவன் கையில் இருந்த அர்ஜியையும் பார்த்தாள். ஒளித்துப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"அவருக்குக் கண்ணு மங்கிப் போச்சு தம்பி. இருபது கெஜத்துக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாது. வெளியே சொல்ல வெக்கம்."

"அப்போ துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதானே?"

"கொடுத்தா அவர் உயிரோட இருப்பாரா? நாம வந்த வருசம் ரெண்டு மாசம் கப்பல் வரலே. அரிசி இல்லே. வீட்டுக்கு வீடு மான்கறி கொண்டு போய் வச்ச கை தம்பி அது. நீங்களும்தான் சாப்பிட்டீங்க."

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டான். சாப்பிட்டதுதான். ஆனாலும் கோபம் முழுசாக இறங்கவில்லை.

"அதுக்காக உமியா அடைக்கிறது?"

கிளாரா கத்தியைக் கீழே வைத்தாள்.

"போன அறுப்பு சமயம், அந்தி நேரத்துல உங்க வரப்புல புல்லு அறுத்துக்கிட்டு இருந்த சந்திரமதியை, மான்னு நினைச்சுச் சுட்டுட்டாரு. மாதா புண்ணியம், குறி தப்பிருச்சு. புதுசா ஒரு புள்ளிச் சேலை கட்டியிருந்தா."

பெட்டிக்கு அடியில் கிடக்கும் அதே சேலை! குழந்தைவேலு கையில் இருந்த அர்ஜியை நாலாக மடித்தான்.

"அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாரு. 'யாருக்கும் சொல்லாதீங்க அக்கா, எங்க வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாதீங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டது சந்திரமதிதான். இந்த உமி யார் வீட்டு உமிங்கிறீங்க? உங்க வீட்டு உமிதான். அவதான் சன்னமாப் புடைச்சுக் கொண்டாந்து தர்றா."

கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளாரா சிரித்தாள்.

"இது வெறும் சத்தம்னு மானுக்கு ரெண்டே வாரத்துல தெரிஞ்சு போச்சு. உங்களுக்குத்தான் தம்பி ஒரு வருசம் ஆச்சு!"

வீட்டுக்கு வந்த குழந்தைவேலு நேரே அடுக்களைக்குப் போய், அர்ஜியை அடுப்பில் வைத்தான். சந்திரமதி அவன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே வியாகுலத்திடம் போய் நின்றான்.

"அண்ணாச்சி, இனிமே நீங்க சுடும்போது நானும் துணைக்கு நிக்கிறேன்."

கையில் கவட்டை. மடி நிறையக் கூழாங்கல். வியாகுலம் விசையை அழுத்தும் அதே நொடியில் இவனும் கவட்டையை இழுத்து விட்டான். கல் ஒரு மானின் தொடையில் சுளீரென்று பட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் குழந்தைவேலு கல்லே விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டுமீல்!

ஏழு மானும் விழுந்தடித்துக் காட்டுக்குள் பாய்ந்தன.

"எப்படி ஓடுது பாத்தியா தம்பி!" என்றார் வியாகுலம்.

"பாத்தேன் அண்ணாச்சி. உங்க துப்பாக்கின்னா சும்மாவா!"