கோணல் தையல்

"நூல் இறுகிக் கிடக்கு, சத்தம் கேட்டாலே தெரியலையா? தளர்த்துடி!" உள்ளறைக் கட்டிலிலிருந்து மாமியார் கத்தினாள்.

மருமகள் காதில் வாங்காமல் தையல் மிஷினை ஓட்டினாள். திரைச்சீலை தைக்கக் கொடுத்திருந்த, புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரிக்கே பொறுக்கவில்லை.

"தைக்கத் தெரியலைன்னா விட்டுடேன்மா. மனச்சோர்வுல படுத்திருக்கிறவங்களை ஏன் கத்த வைக்கிற?"

"கத்தட்டும் அக்கா. மாசக்கணக்கா சுவரையே பாத்துக்கிட்டுக் கிடந்தாங்க. மாத்திரையில தூக்கம் வந்துச்சு, பேச்சு வரலை. அவங்க மிஷின்ல நான் உட்கார்ந்த பிறகுதான் வாயையே திறந்தாங்க."

டக்கென்று நூல் அறுந்தது.

கட்டில் முனகியது. மாமியார் சுவரைப் பிடித்தபடி மெல்ல வெளியே வந்தாள்.

"எழுந்திரு."

மிஷின் முன்னால் உட்கார்ந்து, நூலை இறுக்கும் திருகாணியைத் தளர்த்தினாள். கோணல் தையலைப் பிரித்துவிட்டு மிதித்தாள். மிஷின் சீராக ஓடியது. மருமகள் மனதுக்குள் ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

"அடேயப்பா, கோடு போட்ட மாதிரி இருக்கே!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "மருமகளுக்கும் கொஞ்சம் கத்துக் கொடுங்கம்மா."

"இவளுக்கா? துணி கம்பெனியில அத்தனை பேருக்கும் தையல் சொல்லிக் கொடுக்கிறவளே இவதான்!"

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநாள் கழித்து உதட்டில் ஒரு சிரிப்பு.

"நாளைக்கு எதைக் கெடுக்கப் போற?"

"சட்டைக் காலரை, அத்தை."

"காலையிலேயே கெடுத்து வை. மத்தியானத்துக்கு மேல எனக்கு அசதியா இருக்கும்."